புகை கலைந்த பிறகும் தொடரும் தவறுகள்

காட்டுத்தீப் புகை ஓய்ந்த பிறகு நுரையீரல் பரிசோதனைக்கு வருபவர்களிடம், அதிலும் முதல்முறை அதில் சிக்கியவர்களிடம், ஒரே தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஜன்னலைச் சாத்துங்கள், புகைக்குள் ஓடப் போகாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

துணி மாஸ்க்

போதாது. நுண்துகள்களை வடிகட்டும் என்95 மாஸ்க் வேண்டும், மூக்கோரம் இடைவெளி இல்லாமல்.

இருமல் நின்றால் சரியாகிவிட்டது என்று நினைப்பது

எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இதில்தான். புகையிலுள்ள பிஎம் 2.5 எனும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் மூச்சோடு நுரையீரலின் காற்றுப்பைகள் வரை போய்விடும். அங்கே உண்டாகும் அழற்சி, தொண்டை எரிச்சலைப் போல உடனே தெரியாது.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் சீலி லேக் என்ற சிற்றூர் 2017-இல் 49 நாட்கள் புகையில் கிடந்தது. ஊர்மக்கள் சிலரை ஆய்வாளர்கள் நுரையீரல் செயல்திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி கருவியில் ஊத வைத்துப் பார்த்தார்கள். புகை அடங்கியதும், நுரையீரல் செயல்திறன் இயல்புக்குக் கீழே இருந்தவர்கள் சுமார் 10 சதவீதம். அடுத்த ஆண்டு சுமார் 46 சதவீதம். அதற்கடுத்த ஆண்டிலும் மூன்றில் ஒருவருக்கு அதே நிலை. சிறிய ஆய்வுதான். ஆனாலும், நிலைமை மோசமானது புகை போன பிறகு என்பதைக் கவனியுங்கள்.

ஒருவர் வந்தார். "மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, வயசாச்சு இல்லையா" என்றார். மூக்கில் கிளிப் மாட்டி, "நல்லா இழுங்க, இப்ப வேகமா ஊதுங்க, விடாதீங்க, விடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்தேன். உச்சிக்கு ஏறிய கோடு சட்டென்று குழிந்து சரிந்தது; செயல்திறன் குறைந்திருந்தது. பழைய ரிப்போர்ட் இருக்கிறதா என்றேன். இல்லை. ஒப்பிட எதுவும் இல்லாமல், இந்தக் குறைவு புகையால் வந்ததா, முன்பே இருந்ததா என்று எந்த மருத்துவர் உறுதியாகச் சொல்வார்? ஊதிப் பார்க்க அரை மணி நேரம்கூட ஆகாது! புகை அடங்கியதும் ஒருமுறை, ஓராண்டு கழித்து ஒருமுறை செய்துகொள்ளுங்கள். இரண்டு ரிப்போர்ட்டையும் பத்திரமாக வையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் தள்ளிப்போடவே கூடாது.

தடுப்பு இன்ஹேலரை நிறுத்துவது

ஆஸ்துமா வராமலிருக்க வழக்கமாக எடுக்கும் இன்ஹேலரை மருத்துவர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம்.

குழந்தைகள் தாங்கிக்கொள்வார்கள் என்பது

கலிஃபோர்னியாவில் 2008-இல் காட்டுத்தீப் புகையைச் சுவாசித்த குட்டிக் குரங்குகளை, வளர்ந்த பிறகு சோதித்தார்கள். அவற்றின் நுரையீரல் செயல்திறன் குறைந்திருந்தது. வளரும் நுரையீரலுக்குத்தான் ஆபத்து அதிகம்.

சாம்பலைத் துடைப்பத்தால் கூட்டுவது

முதலில் தண்ணீர் தெளியுங்கள், அப்புறம் ஈரத்துணியால் துடையுங்கள். அந்த வேலைக்கும் என்95 போட்டுக்கொள்ளுங்கள்.