செல்லுலோஸ் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: முதலில் அந்த ஓவனை அணையுங்கள்

புதிதாகச் சேர்ந்த மாணவர் ஒருவர் போன வாரம் ஈரமான செல்லுலோஸ் கூழை 105 டிகிரி ஓவனில் வைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார். காலையில் திறந்து பார்த்தபோது எனக்கு என் பழைய நாட்கள் ஞாபகம் வந்தன, கூடவே கோபமும். எடை போடுவது, கழுவுவது போன்ற அடிப்படைகளை நீங்களே கற்றுக்கொள்வீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஓவனில் காய்ந்த கூழ் பழைய கூழ் ஆகாது

அசிட்டிலேஷன் (அசிட்டிக் அன்ஹைட்ரைடு சேர்த்து செல்லுலோஸில் அசிட்டைல் குழுக்களை இணைப்பது) செய்யும்போது தண்ணீர் இருக்கக் கூடாது என்று பயப்படுவது சரிதான். காற்றில் உலர்ந்த செல்லுலோஸ் 10 கிராமில் 7% ஈரம் இருந்தால், அது 0.7 கிராம் தண்ணீர், அதாவது சுமார் 39 மில்லிமோல். மீதி 9.3 கிராமில் குளுக்கோஸ் அலகுகள் (ஒரு மோல் 162 கிராம்) சுமார் 57 மில்லிமோல்தான். ஒவ்வொரு தண்ணீர் மூலக்கூறும் ஓர் அன்ஹைட்ரைடைத் தின்றுவிடும். நானும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் ஓவனில் வைத்தேன்.

ஆனால் ஓவனில் தண்ணீர் போனதும் நுண்ணிழைகள் நெருங்கி, ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒட்டிக்கொள்கின்றன. நுண்துளைகள் மூடிவிடும். திரும்ப ஊறவைத்தாலும் அவற்றில் பல திறக்காது. ஹார்னிஃபிகேஷன் என்பார்கள், கொம்பு மாதிரி இறுகிப்போவது. வினைபொருள் மேற்பரப்போடு நின்றுவிடும். எனக்குப் பதிலீட்டு அளவு, அதாவது ஒரு குளுக்கோஸ் அலகில் சராசரியாக எத்தனை அசிட்டைல் குழுக்கள் சேர்ந்தன என்பது, ஏறவே இல்லை. வினையூக்கியை மாற்றினேன், வெப்பநிலையை ஏற்றினேன், அன்ஹைட்ரைடு கெட்டுவிட்டது என்று புது பாட்டில் கேட்டேன். மூன்று மாதம் போனது. கடைசியில் குளிர்பெட்டியில் மறந்து கிடந்த ஈரக் கூழ்தான் வேலை செய்தது. இன்றும் எரிச்சலாக இருக்கிறது!

செய்ய வேண்டியது இதுதான்: கூழை ஈரமாகவே குளிர்பெட்டியில் வையுங்கள். உறையவைக்காதீர்கள், பனிப்படிகங்களும் இழைகளை நெருக்கித் தள்ளும். ஒரு சிட்டிகை மட்டும் எடுத்து ஓவனில் காயவைத்து, திடப்பொருள் சதவீதத்தைக் கணக்கிட்டு, அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். மீதியில் உள்ள தண்ணீரை எத்தனால், அசிட்டோன், அப்புறம் வினைக்கான கரைப்பான் என்று படிப்படியாக மாற்றுங்கள். ஒவ்வொன்றிலும் பலமுறை கழுவ வேண்டும். அலுப்பான வேலை, ஒத்துக்கொள்கிறேன்.

எஃப்.டி.ஐ.ஆரில் 1640

அகச்சிவப்பு நிறமாலையில் (எஃப்.டி.ஐ.ஆர்) 1640 cm⁻¹ பக்கம் தெரியும் முகடு, செல்லுலோஸ் உறிஞ்சிய தண்ணீர். அசிட்டைல் குழு சேர்ந்ததைக் காட்டும் எஸ்டரை 1740 பக்கம் தேடுங்கள்.

படிகத்தன்மை 73.46%

எக்ஸ்ரே விளிம்பு வளைவு வரைபடத்தை வைத்து இப்படி எழுதுகிறார்களே, அந்த .46 எங்கிருந்து வந்தது? 1959-இல் வந்த சீகல் முறை அந்த வரைபடத்தில் இரண்டு இடங்களின் உயரத்தை மட்டுமே ஒப்பிடுகிறது. ஒரே தொகுதியின் மாதிரிகளை வரிசைப்படுத்த உதவும், அவ்வளவுதான். காரத்தில் ஊறவைத்து செல்லுலோஸ் இரண்டாம் வகையாக (வேறொரு படிக அமைப்பு) மாறிய மாதிரியிலும், முதல் வகைக்கான அதே 18 டிகிரி கோணத்தில் அளப்பவர்கள் இருக்கிறார்கள். முகடுகளே இடம் மாறிவிட்டன, ஐயா.

கன்ட்ரோல்

அன்ஹைட்ரைடு மட்டும் சேர்க்காமல் மற்ற எல்லாம் செய்த ஒரு மாதிரி. வையுங்கள்.