பால் டீயை நிறுத்திப் பார்ப்பது எப்படி? தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு உணவு ஒவ்வாமையைக் கண்டறியும் முறை

ரங்கூனில் நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கு ஆகாதவை என்று ஒரு நீளமான பட்டியல் உண்டு. பருப்பு வாயு, முட்டைக்கோஸ் வாயு, மீன் கிரந்தி, தக்காளி சளி. குழந்தை இரண்டு நாள் வீரிட்டு அழுதால் பட்டியலில் இன்னும் நாலு சேரும். ஒரு மாதத்தில் தாய்க்கு மிஞ்சுவது சோறும் பூண்டுக் குழம்பும் மிளகு ரசமும்தான். எது சேரவில்லை என்பது மட்டும் கடைசிவரை யாருக்கும் தெரியாது.

பருப்பு உண்டாக்கும் வாயு தாயின் குடலோடு நின்றுவிடும், பாலில் இறங்காது. பாலில் இறங்குவது தாய் சாப்பிட்ட உணவின் புரதம், அதுவும் துளியளவு. அது குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பசும்பால் புரதத்தை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைகளில் இது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அதனால் ஒரே ஒரு பொருளை நிறுத்தி, கவனித்து, பிறகு திரும்பச் சேர்த்துப் பார்ப்பதுதான் முறை. எந்தக் கட்டத்திலும் தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை.

முதல் படி: சந்தேகத்துக்கு இடமிருக்கிறதா?

மலத்தில் சளியும் அதோடு இழை இழையாக ரத்தமும் வருகிறது, ஆனால் பிள்ளை நன்றாகக் குடிக்கிறது, எடையும் ஏறுகிறது என்றால் பால் புரதத்தைச் சந்தேகிக்கலாம். பிறந்த சில வாரங்களிலேயே இது தொடங்கலாம். அடங்காத கரப்பான், ஓயாத வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவை சேர்ந்து வந்தாலும் யோசிக்கலாம். அழுகை மட்டும் என்றால் அவசரப்படாதீர்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அழுகை ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானே குறையும்.

ஏமாற்றும் அறிகுறிகளும் உண்டு. பச்சையாக, நுரைத்துப் போகும் மலம் பெரும்பாலும் பால் அதிகம் சுரக்கும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு வரும். ஒரு பக்கம் முடியுமுன் மறுபக்கம் மாற்றுவதால் கொழுப்பு குறைந்த முன்பால் மட்டுமே உள்ளே போகிறது. ஒரு பக்கத்தை முழுதாகக் குடிக்க விட்டால் இரண்டு மூன்று நாளில் வித்தியாசம் தெரியும். காம்பு வெடித்திருந்தால் தாயின் ரத்தத்தையே பிள்ளை விழுங்கியிருக்கலாம். ஆசனவாயில் சிறு கீறல் இருந்தாலும் மலத்தின் மேல் ரத்தம் ஒட்டியிருக்கும். கரண்ட் போன இரவில் டார்ச் வெளிச்சத்தில் நாப்பியைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மடித்து வைத்து, காலையில் ஜன்னலோரம் பாருங்கள். படம் எடுத்து வைத்தால் மருத்துவரிடம் காட்ட உதவும்.

மலத்தில் ரத்தம் கண்டால் வீட்டுச் சோதனைக்கு முன் ஒருமுறை குழந்தை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் சோதனை வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி:

- பச்சை நிற வாந்தி
- ரத்தம் நிறையப் போவது. அல்லது விட்டு விட்டுக் காலை மடக்கி அலறி, இடையில் துவண்டு போவது
- மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல்
- உடம்பில் தடிப்பு, முகம் வீங்குவது, மூச்சு வாங்குவது
- எடை ஏறாமல் நிற்பது, பால் குடிக்க மறுப்பது

இரண்டாம் படி: நாலு நாள் நோட்டு

எதையும் நிறுத்தாமல் நாலு நாள் எழுதுங்கள். இரண்டு பத்தி போதும்: இடது பக்கம் தாய் சாப்பிட்டது, வலது பக்கம் பிள்ளைக்கு நடந்தது. ஒரு நாள் இப்படி இருக்கும்:

காலை 6: பால் டீ 1, பலாட்டா (பர்மியப் பரோட்டா) 1 / மலம் மஞ்சள், சளி கொஞ்சம்
11: சோறு, கெளுத்தி மீன் குழம்பு, புளிச்சக்கீரை / –
மாலை 4: பால் டீ 1, பிஸ்கட் 3 / மலம், ரத்த இழை 2 (படம்)
இரவு 7 முதல் 9 வரை: அழுகை

"ரொம்ப அழுதான்" என்று எழுதினால் பிறகு ஒப்பிட முடியாது. மணியையும் எண்ணிக்கையையும் எழுதுங்கள். இந்த ஒவ்வாமை தாமதித்தும் வரும், இரண்டு மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை ஆகலாம். அதனால் நேற்று சாப்பிட்டதை மட்டும் பார்த்துப் பழி போட வேண்டாம்.

மூன்றாம் படி: பாலை முழுதாக நிறுத்துவது

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பால், தயிர், மோர், வெண்ணெய், பாலாடைக்கட்டி, ஐஸ்கிரீம், பலூடா, பால் பாயசம் ஆகியவை வெளிப்படையானவை. நெய்யிலும் புரதம் சிறிது தங்கியிருக்கும், சோதனைக் காலத்துக்கு அதுவும் வேண்டாம். கோயில் பிரசாதத்தில் நெய்ப் பொங்கலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டாருக்குக் கொடுத்துவிடுங்கள். ஆட்டுப்பாலும் எருமைப்பாலும் மாற்று ஆகாது, புரதம் ஏறக்குறைய ஒன்றுதான். லாக்டோஸ் நீக்கிய பாலும் உதவாது. இங்கே பிரச்சினை புரதம், சர்க்கரை அல்ல.

ஒளிந்திருப்பவைதான் தொல்லை. டீக்கடைப் பால் டீயில் நோ ஸீ என்னும் கட்டிப்பாலும், டின் பாலும் சேர்கின்றன. அதை விட்டுவிட்டு வீட்டில் "த்ரீ இன் ஒன்" காபி மிக்ஸ், டீ மிக்ஸ் குடிப்பவர்கள் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள். பால் இல்லாத கிரீமர் என்று அட்டையில் போட்டிருந்தாலும் அதில் பெரும்பாலும் சோடியம் கேசினேட் இருக்கும். அது பால் புரதமேதான். மால்ட் பானங்கள், பிஸ்கட், கேக், பேக்கரி ரொட்டி, சில மார்ஜரின்கள் ஆகியவற்றிலும் பால் உண்டு. பலாட்டாவையும் நான்பியா என்னும் நான் ரொட்டியையும் கடையில் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஓனோ காவ்ஸ்வே என்னும் தேங்காய்ப்பால் நூடுல்ஸில் சிலர் தேங்காய்ப்பாலுக்குப் பதில் டின் பால் ஊற்றுவார்கள்.

அட்டையில் மில்க், பட்டர், வே (whey), கேசீன் (casein) என்ற சொற்களைத் தேடுங்கள். மலேசியச் சரக்கில் பால் என்பது "சுசு", தாய்லாந்துச் சரக்கில் "நோம்". தாய்லாந்து எழுத்து மட்டும் இருந்து படிக்கத் தெரியாவிட்டால் அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

இன்னொரு நுணுக்கம். தினம் நாலு பால் டீ குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் பாலோடு காஃபீனும் போய்விடுகிறது. தாய்ப்பால் வழியே போகும் காஃபீன் சின்னப் பிள்ளையின் உடம்பிலிருந்து வெளியேற நாள் கணக்கில் ஆகும். காஃபீன் குறைந்ததால் பிள்ளை அமைதியானாலும் பெயர் பாலுக்குப் போகும். நாலு பால் டீ என்றால் அதே தூளில், அதே கடுப்பில் நாலு வெறும் டீ குடியுங்கள். மாறுவது பால் ஒன்றாக மட்டுமே இருக்க வேண்டும்.

நான்காம் படி: வயிறு வாடாமல்

மீன், முட்டை, பருப்பு, நிலக்கடலை, கோழி எல்லாம் தொடரட்டும். மோஹிங்கா என்னும் மீன் குழம்பு நூடுல்ஸில் பால் கிடையாது, முட்டையோடு தாராளமாகச் சாப்பிடலாம். ஷான் தோஃபு கடலை மாவில் ஆனது, அதில் பாலும் இல்லை, சோயாவும் இல்லை. பர்மியப் பெயரில் வெண்ணெய் இருக்கிறதே என்று தோபத் தீயைக் கண்டு பயப்படாதீர்கள், அது அவகாடோ பழம்தான்.

தாய்க்கு நாளுக்குச் சுமார் 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். முள்ளோடு தின்னும் நெத்திலிக் கருவாடு, எள், முருங்கைக்கீரை கைகொடுக்கும். பால் இல்லாதபோது அவை மட்டும் போதாமல் போகலாம். கால்சியம் மாத்திரையும், 10 மைக்ரோகிராம் வைட்டமின் டியும் மருத்துவரிடம் கேட்டு எடுங்கள். பிரசவத்துக்குப் பின் இரும்புச்சத்து மாத்திரை போடுபவர்கள் இரண்டையும் சேர்த்து விழுங்கக் கூடாது. கால்சியம் இரும்பை உடம்பில் சேரவிடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

ஐந்தாம் படி: காத்திருப்பது

ரத்த இழை சில நாளிலேயே குறையத் தொடங்கலாம், குடல் ஆற இரண்டு வாரம் பிடிக்கும். கரப்பான் நாலு வாரம்கூட எடுக்கும். மூன்றாம் நாளே "ஒன்றும் ஆகவில்லை" என்று முட்டையையும் மீனையும் சேர்த்து நிறுத்துவது பெரிய தவறு. நாலு வாரம் கண்டிப்பாக இருந்தும் மாற்றம் இல்லையென்றால் காரணம் பால் அல்ல என்று வைத்துக்கொண்டு, பழையபடி சாப்பிடத் தொடங்குங்கள். அடுத்து சோயாவையோ முட்டையையோ பார்ப்பதை மருத்துவரோடு பேசி, ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

ஆறாம் படி: திரும்பக் கொண்டுவருவது

பிள்ளை தேறியதும் பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். மாமியார் விடமாட்டார், "நல்லாத்தானே இருக்கு, ஏன் திரும்பக் கிளறணும்?" என்பார். ஆனால் பிள்ளை தேறியது பாலை நிறுத்தியதாலா, நாலு வாரம் வயது கூடியதாலா என்று சொல்லக்கூடியது இந்தப் படி ஒன்றுதான். சளி, காய்ச்சல், தடுப்பூசி எதுவும் இல்லாத வாரமாகப் பாருங்கள். முதல் இரண்டு நாள் ஒரு கப் பால் டீ, அடுத்த இரண்டு நாள் அதோடு ஒரு கிண்ணம் தயிர், பிறகு ஒரு வாரம் முடியும்வரை பழைய அளவு. நோட்டும் தொடரட்டும். பழைய அறிகுறி திரும்பினால் அன்றே நிறுத்துங்கள், சந்தேகம் உறுதியாகிவிட்டது. திரும்பவில்லையென்றால் பால் டீயை நிம்மதியாகக் குடிக்கலாம். முதலில் தடிப்பு, முகவீக்கம் வந்த பிள்ளைக்கு மட்டும் இதை வீட்டில் செய்யக் கூடாது.

உறுதியானால் தாய் பாலைத் தவிர்ப்பது தொடரும். ஆறு மாதத்தில் கஞ்சி தொடங்கும்போது அதிலும் பால் பவுடர் வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு வயதை ஒட்டி இது தீர்ந்துவிடும். ஒன்பது மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் மருத்துவரைக் கேட்டு, பால் சேர்த்துச் சுட்ட பிஸ்கட்டில் ஒரு துண்டு கொடுத்துத் தொடங்கலாம். நன்றாக வெந்த பால் புரதத்தைக் குடல் சுலபமாக ஏற்கும், காய்ச்சிய பால் கடைசியில்தான். முதல் துண்டைக் காலையில் கொடுங்கள், இரவில் கொடுத்தால் ஏதாவது வந்தாலும் கவனிக்க முடியாது.