சிங்கப்பூர் – நியூயார்க்: டிக்கெட் நேரத்தைக் கழித்துப் பார்த்து ஏமாறாதீர்கள்

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் ஏறத்தாழ 15,300 கி.மீ. எங்கும் இறங்காமல் போகும் விமானத்துக்கே பதினெட்டரை மணி நேரத்துக்குமேல் ஆகும். ஆனால் டிக்கெட்டைப் பார்த்தால், நள்ளிரவு 12 மணிக்குக் கிளம்பி அதே நாள் காலை ஆறரைக்கு இறங்குவதுபோல் இருக்கும். ஆறரை மணி நேரந்தானே என்று சந்தோஷப்பட வேண்டாம்! இரண்டும் அந்தந்த ஊர் நேரம். கோடையில் நியூயார்க் 12 மணி நேரம் பின்தங்கியிருக்கும். அதைக் கூட்டினால் உண்மையான பயண நேரம் வந்துவிடும். நவம்பர் முதல் ஞாயிறு தொடங்கி மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை இந்த நேர வித்தியாசம் 13 மணி நேரம்.

திரும்பி வரும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். திங்கள் இரவு பத்தரைக்கு ஏறினால், சிங்கப்பூரில் இறங்குவது புதன் விடியற்காலை. செவ்வாய்க்கிழமை வானத்திலேயே கரைந்துவிடும். அழைத்துப்போக வருபவரிடம் கிழமையோடு தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஹோட்டல் அறைக்கும் அப்படியே.

வேறு ஊர்களுக்கு மனக்கணக்கு போட ஒரு வழி: விமான தூரத்தை (கி.மீ.) 850-ஆல் வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்குச் சாலை தூரம் உதவாது. மேற்கிலிருந்து கிழக்கே போனால் மேல்வானக் காற்று பின்னாலிருந்து தள்ளும், கொஞ்சம் சீக்கிரம் போய்விடலாம், எதிர்த்திசையில் கூடுதலாகும்.