பாலியில் டிரைவரோடு ஒரு நாள் கடற்கரைச் சுற்று: எங்கே எல்லாம் சொதப்புகிறோம்

பாலிக்குப் போகிறவர்கள் போடும் ஒரு நாள் பிளான் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். காலையில் லெம்புயாங் கோயில் வாசலில் போட்டோ, மதியம் தனா லோட் கடல் கோயில், சாயங்காலம் உலுவாட்டு பாறைக் கோயில், நடுவில் நேரம் கிடைத்தால் கெலிங்கிங் பாறை முனை. லெம்புயாங் இருப்பது தீவின் கிழக்கில், தனா லோட் மேற்குக் கரையில், உலுவாட்டு தென்முனையில். கெலிங்கிங் பாலியிலேயே இல்லை! அது இருப்பது நுசா பெனிடா என்ற வேறு தீவில். சானூர் போய்ப் படகு ஏறி, அங்கே இறங்கி வேறு கார், வேறு டிரைவர் என்று பிடித்துப் போக வேண்டும், அதற்கே ஒரு முழு நாள் ஆகும்.

இந்தப் பிளானை டிரைவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அவர் பெரும்பாலும் "முடியாது" என்று சொல்ல மாட்டார், சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டு "ஓகே" என்பார். அந்த ஓகேயை நம்பிக் கிளம்பினால் நாள் முழுக்க கார் கண்ணாடி வழியாகத்தான் பாலியைப் பார்க்க முடியும். "இதெல்லாம் முடியுமா" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இதில் எதை விட்டால் நிதானமாகப் பார்க்கலாம்" என்று கேட்டுப் பாருங்கள், அப்போதுதான் உண்மையான பதில் வரும்.

தூரத்தைக் கிலோமீட்டரில் பார்ப்பது அடுத்த தப்பு. தனா லோட்டிலிருந்து உலுவாட்டுக்குச் சுமார் 50 கி.மீ. ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்று தோன்றும். ஆனால் நடுவில் சாங்கு, குட்டா, ஜிம்பாரன் என்று நெரிசலுக்குப் பேர்போன இடங்கள், குறுகலான சாலை, இரண்டு பக்கமும் ஸ்கூட்டர். இரண்டு மணி நேரம் சாதாரணமாக ஆகும், சாயங்காலம் என்றால் அதற்கும் மேலே. கடலுக்கு மேலேயே போகும் சுங்கச்சாலை ஒன்று 2013-லிருந்து இருக்கிறது, உண்மைதான், ஆனால் அது பெனோவா, விமான நிலையம், நுசா துவா மூன்றையும் இணைக்கிற 12.7 கி.மீ. சாலை, அவ்வளவுதான். உலுவாட்டு பக்கம் வளைந்து வளைந்து போகும் சாலைக்கு அதனால் பெரிய உதவி இல்லை.

அதனால் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் மட்டும். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது தெற்கு, அதாவது புக்கிட் தீபகற்பம். பாண்டவா கடற்கரை (சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து குந்தியையும் ஐந்து பிள்ளைகளையும் சிலையாக வைத்திருக்கிறார்கள், யார் யார் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை), அப்புறம் மெலஸ்தி, படாங் படாங் கடற்கரைகள், சாயங்காலம் உலுவாட்டு, ராத்திரி சாப்பாடு ஜிம்பாரனில். எல்லாம் ஒன்றுக்கொன்று பக்கம். கிழக்குக் கரை வேண்டுமென்றால் வௌவால் குகைக் கோயிலான கோவா லாவா, சண்டிடாசா, தாமன் ஊஜுங் நீர் அரண்மனை, அமெட் என்று தனி நாள், அதுவும் விடிகாலையிலேயே கிளம்ப வேண்டும். தனா லோட்டை மெங்வியில் இருக்கும் தாமன் ஆயுன் கோயிலோடு சேர்த்து அரை நாளில் முடிக்கலாம்.

இதை எல்லாம் சரியாகப் போட்டவர்கள்கூட மறப்பது கடலை. கடல் ஏறும், வற்றும், நம் பிளானுக்காக அது காத்திருக்காது. தனா லோட்டில் தண்ணீர் வற்றியிருந்தால் பாறையின் அடிவாரம் வரை நடந்து போய் அங்கே ஊறும் நன்னீரைத் தீர்த்தமாக வாங்கிக்கொள்ளலாம். ஏறியிருந்தால் கோயில் தனித் தீவாக நிற்கும், அலை அடிக்க தூரத்திலிருந்து பார்க்கலாம். இரண்டும் அழகுதான், ஆனால் ஒன்றை எதிர்பார்த்துப் போய் இன்னொன்றைப் பார்த்தால் கடுப்பாகிவிடும். எந்த நேரத்தில் போனாலும் மேலே கோயிலுக்குள் வழிபட வருபவர்களைத் தவிர மற்றவர்களை விடமாட்டார்கள், அதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். உலுவாட்டு பக்கம் இருக்கும் சுலுபான் கடற்கரையில் பாறை இடுக்கு வழியாகத்தான் மணலுக்கு இறங்க வேண்டும், கடல் ஏறிவிட்டால் இறங்கியும் பயனில்லை, மணலே இருக்காது. படாங் படாங்கிலும் இருக்கிற கொஞ்சம் மணல் பாதியாகிவிடும்.

போன வாரம் போன நண்பர் "மூணு மணிக்குப் போ, சூப்பரா இருக்கும்" என்று சொன்னால் அது உங்களுக்குப் பொருந்தாது, ஏனென்றால் கடல் ஏறி இறங்கும் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிக்கொண்டே போகும். கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. உங்கள் தேதிக்குப் பார்த்துவிட்டு, எந்தக் கடற்கரை முதலில் என்பதை அதை வைத்து டிரைவரோடு பேசி மாற்றுங்கள்.

சூரியன் விஷயத்தில் அந்தத் தொல்லை இல்லை. பாலி பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் வருஷம் முழுக்க சாயங்காலம் ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் நடுவில்தான் மறையும். ஆனால் தனா லோட், உலுவாட்டு இரண்டுமே அஸ்தமனத்துக்குப் பேர்போன இடங்கள், ஒரே நாளில் இரண்டு அஸ்தமனம் பார்க்க முடியாது. உலுவாட்டு என்றால் ஆறு மணிக்குக் கெச்சாக் நடனம் இருக்கிறது, அனுமன் இலங்கையை எரிக்கும் கதைதான். கோயில் நுழைவுச்சீட்டு வேறு, நடன டிக்கெட் வேறு, இது தெரியாமல் ஐந்தே முக்காலுக்கு வந்து நிற்பவர்கள் தினமும் இருக்கிறார்கள். நாலரைக்கே போய்விடுங்கள், வெயில் தாழ்ந்ததும் அந்தப் பாறை விளிம்பில் நடப்பதே தனி சுகம். நடனம் முடிந்ததும் அத்தனை கூட்டமும் ஒரே நேரத்தில் பார்க்கிங்கிலிருந்து வெளியேறும், அதனால் ஜிம்பாரனில் ஏழே காலுக்கு மேஜை பதிவு செய்து வைக்காதீர்கள்.

உலுவாட்டு கோயிலில் குரங்குகள் இருக்கின்றன. சாதாரணக் குரங்கு இல்லை, கண்ணாடி, போன், தொப்பி என்று பிடுங்கிக்கொண்டு தீனி கொடுத்தால்தான் திருப்பித் தரும், நாம் எதை அதிகம் மதிக்கிறோம் என்று பார்த்துப் பிடுங்கக் கற்றிருக்கின்றன என்று 2021-ல் ஆராய்ச்சிக் கட்டுரையே வந்தது. பவர் கண்ணாடி போடுபவர்கள் கயிறு மாட்டிக்கொள்ளுங்கள்.

காசு விஷயத்தில் வரும் சண்டை எல்லாம் முதல் மெசேஜிலேயே தீர்ந்துவிடக்கூடியவை. கட்டணத்தில் பெட்ரோல் அடக்கமா, பார்க்கிங்கும் சுங்கமும் யார் கொடுப்பது, எத்தனை மணி நேரம், அது எப்போதிலிருந்து எப்போது வரை, அதற்கு மேல் ஆனால் மணிக்கு எவ்வளவு. பொதுவாகப் பத்து மணி நேரம் என்பார்கள், அதில் ஹோட்டலில் ஏற்றுவதிலிருந்து திரும்ப இறக்குவது வரை அடக்கம். நீங்கள் தீவின் உள்பக்கம் இருக்கும் உபுடில் தங்கியிருந்தால் புக்கிட் போகவும் வரவுமே மூன்று, நான்கு மணி நேரம் போய்விடும், மிச்சம்தான் ஊர் சுற்ற.

ரொம்ப மலிவாக ஒருவர் வந்தால் சந்தோஷப்படாதீர்கள். அந்தக் குறைவை லுவாக் (புனுகுப்பூனை) காபித் தோட்டத்திலும் வெள்ளிக் கடையிலும் பாத்திக் துணிக்கடையிலும் கமிஷனாக எடுத்துவிடுவார், போவது உங்கள் நேரம். "கடை எதுவும் வேண்டாம், அதற்குப் பதிலாக வாடகையைக் கொஞ்சம் கூட்டித் தருகிறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவருக்கும் நிம்மதி. ஜிம்பாரனில் மீனை எடை போட்டு விற்பார்கள், எடை போடும்போது பக்கத்தில் நில்லுங்கள், சொல்லும் விலையில் வரியும் சேவைக் கட்டணமும் சேர்ந்ததா என்று கேளுங்கள்.

சிலர் இதெல்லாம் எதற்கு, கிராப் (Grab) ஆப்பில் டாக்சி பிடித்துப் போய்க்கொள்ளலாம் என்பார்கள். போகலாம், திரும்பி வருவதில்தான் சிக்கல். உலுவாட்டு, தனா லோட் போன்ற இடங்களில் உள்ளூர் ஓட்டுநர்கள் ஆப் வண்டிகளை ஆள் ஏற்ற விடுவதில்லை, இருட்டிய பிறகு அவர்கள் சொல்கிற காசுதான். டிரைவர் வைப்பதில் பெரிய லாபமே நமக்காக ஒரு வண்டி வெளியே காத்திருக்கிறது என்பதுதான்.

ஆனால் அவர் வழிகாட்டி இல்லை. கோயிலுக்குள் கூடவே வந்து கதை சொல்ல வேண்டும் என்றால் உரிமம் உள்ள வழிகாட்டியைத் தனியாக அமர்த்த வேண்டும். வண்டியையும் கேட்டுக்கொள்ளுங்கள், டொயோட்டா அவன்ஸா என்றால் கணக்குக்கு ஏழு சீட், ஆறு பெரியவர்கள் பத்து மணி நேரம் உட்கார்ந்தால் கடைசி வரிசைக்காரர்கள் ராத்திரி பேச மாட்டார்கள். சைவம் சாப்பிடுபவர்கள் "கறி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது, அங்கே சம்பல் என்ற மிளகாய்த் துவையலில் இறால் விழுது சேர்ப்பது சகஜம், முந்தின நாளே டிரைவரிடம் சொல்லிவிட்டால் அதற்கேற்ற இடமாகப் பார்த்து நிறுத்துவார்.

கடைசியாகத் தேதி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மேற்குக் காற்று குட்டா, ஜிம்பாரன் கரைகளில் பிளாஸ்டிக் குப்பையைக் கொண்டுவந்து கொட்டும், அந்த மாதங்களில் போவதாக இருந்தால் அந்தக் கரைகளை நம்பிப் பிளான் போடாதீர்கள். பெரும்பாலும் மார்ச்சில் வரும் நியெப்பி என்ற மௌன நாளன்று 24 மணி நேரம் தீவே மூடியிருக்கும், விமான நிலையம் உட்பட. காரை விடுங்கள், நீங்கள் ஹோட்டலை விட்டு வெளியே நடக்கவே கூடாது. அதற்கு முந்தைய சில நாட்களில் கோயில் சாமான்களைக் கடலுக்கு எடுத்துப்போகும் ஊர்வலங்களால் கடற்கரைச் சாலைகள் நிற்கும். 210 நாளுக்கு ஒருமுறை வரும் கலுங்கான் பண்டிகை அன்று டிரைவர் கிடைப்பதே கஷ்டம், கிடைத்தாலும் காலையில் அவர் குடும்பத்தோடு கோயிலில் இருப்பார், மதியத்துக்கு மேல் வாருங்கள் என்று சொல்லிவிட்டு அதுவரை ஹோட்டல் நீச்சல் குளத்தில் கிடங்கள்.