கொழும்பை அண்டிய காடுகளில் நடக்கச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வகவுக்கு அருகிலுள்ள இந்திகட முகலான, இங்கிரியவின் போதினாகல ஆகிய காடுகளுக்குக் கொழும்பிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்பதால், பலர் அவற்றை விகாரமகாதேவிப் பூங்காவின் நீட்சியாகவே எண்ணிவிடுகிறார்கள்.

இவர்கள் செய்யும் முதல் தவறு தாமதமாகப் புறப்படுவது. காலையுணவை ஆறுதலாக முடித்துப் பதினொரு மணிக்குக் காட்டுக்குள் நுழைந்தால், மழை இறங்கும் வேளையில் வெகுதூரம் உள்ளே போயிருப்பீர்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலையில் வெயில் எவ்வளவு பளிச்சென்று அடித்தாலும், பிற்பகலில் இடியுடன் மழை கொட்டுவது ஈர வலயத்தின் வழக்கம். காலையில் கணுக்கால் மட்டும் நனையக் கடந்த ஓடை, திரும்பும்போது தொடையளவு ஓடக்கூடும். தெளிந்திருந்த தண்ணீர் திடீரெனக் கலங்கிச் சருகுகளை அள்ளிக்கொண்டு வந்தால், நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளி விழாவிட்டாலும் மேலே மழை பெய்கிறது என்றே கொள்ள வேண்டும். அப்போது கரையேறி, நீர் வடியும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்தக் காத்திருப்புக்கு நேரம் மிச்சம் இருக்க வேண்டுமென்றால் விடியற்காலையிலேயே புறப்பட வேண்டும், ஏனெனில் மரங்களுக்குக் கீழே ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும்.

அட்டைக்குப் பயப்படுவோர் அதைப் பிய்த்து எறிகிறார்கள், அல்லது நெருப்பால் சுடுகிறார்கள். தோலோடு ஒட்டியிருக்கும் மெல்லிய முனையின் கீழ் நகத்தை மெதுவாகச் செலுத்தித் தள்ளினாலே அது விட்டுவிடும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருளை அது செலுத்தியிருப்பதால் கடிவாய் சிறிது நேரம் கசியும். கழுவி, துணியால் அழுத்தினால் போதும்.

பயப்பட வேண்டியது பாம்புக்குத்தான். சிங்களத்தில் குணகட்டுவா எனப்படும் சிறு விரியன் சருகு நிறத்திலேயே சருகுக்குள் கிடக்கும். நம் வைத்தியசாலைகளில் வழக்கமாக ஏற்றப்படும் இந்திய எதிர்நஞ்சு அதன் கடிக்குப் பலன் தராது. ஆகவே செருப்போடு நடப்பதும், பார்க்காமல் தரையில் கைவைத்து அமர்வதும் வீண் துணிச்சல். கடிபட்டால் இறுகக் கட்டாமல், கீறாமல், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சை வரவழையுங்கள்.

கொழும்புக்குக் குடிநீர் தரும் லபுகம, களட்டுவாவ நீரேந்துக் காடுகளுக்குள் அனுமதியின்றி நுழையக் கூடாது. போதினாகலவில் பிக்குகள் தியானத்தில் இருப்பதால் ஒலிபெருக்கியை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

போய்வந்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், டெங்குவாக இருக்கும் என்று மட்டும் எண்ணிவிடாமல், ஓடையிலும் சேற்றிலும் நடந்ததை வைத்தியரிடம் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலையும் அவர் சோதிக்க வேண்டியிருக்கும்.