குப்பை மேட்டின் மேல் வீதி போட வருகிறவருக்கு

இலங்கை மலைநாட்டில் சமதரையில் குப்பை கொட்டியவர்கள் குறைவு. வளைவில் டிராக்டரை நிறுத்திப் பள்ளத்தை நோக்கிப் பெட்டியைச் சாய்த்துவிடுவார்கள். அதனால் மேல்புறத்தில் குப்பை ஒரு முழம், கீழ்ப்புறத்தில் இரண்டு மாடி உயரம். அதன் குறுக்கேதான் உங்கள் வீதி போகப் போகிறது.

ஹட்டன் பக்கத்தில் நான் மேற்பார்வை செய்த முதல் வீதி, இரண்டாவது மழைக்கே நடுவில் நெடுகப் பிளந்தது. தார் போதவில்லை என்றார்கள். தோண்டிப் பார்த்தோம். உள்பாதி மலைமண், அசையவே இல்லை. வெளிப்பாதி குப்பை, ஒரு சாண் இறங்கியிருந்தது. முழு வீதியும் ஒரே சாண் இறங்கியிருந்தால் பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரிந்திருக்காது.

ஆகவே முதல் வேலை, குப்பை முடிந்து மலைமண் தொடங்கும் கோட்டைக் கண்டுபிடிப்பது. வரைபடத்தைவிடப் பழைய டிராக்டர் சாரதிக்கு அது நன்றாகத் தெரியும். அவரை நடக்கவிட்டு முளை அடியுங்கள். பிறகு வீதியின் குறுக்காகப் பெக்கோவால் (மண் தோண்டும் இயந்திரம்) குழி வெட்டிப் பாருங்கள். துளையிட்டுச் சம்மட்டி அடியை எண்ணும் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். டயரில் பட்டால் சம்மட்டி துள்ளும், அறிக்கையில் அது 'கடினமான படை' ஆகிவிடும். குழிக்குள் யாரும் இறங்கக் கூடாது, பக்கத்தில் பீடியும் கூடாது. குப்பை அழுகி வரும் மீதேன் வாயு காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும்.

குப்பைக்கு அடியில் பழைய ஓடை ஒன்று அநேகமாக இருக்கும். கீழே லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) எந்தப் பீலியில் (ஊற்று நீர் விழும் குழாய்) கறுத்த நீர் வருகிறது என்று கேளுங்கள். மேல்புற நீரைக் குப்பைக்குள் விடாமல் கான் (வடிகால்) வெட்டித் திருப்ப வேண்டும். கொங்கிரீட் கான் மேடு இறங்கும்போது வெடித்து, நீரை நேராக உள்ளேயே ஊற்றும். வளைந்து கொடுக்கும் கான்தான் இங்கே நிற்கும். கசிவு நீரைத் தனியாகச் சேகரிக்க வழி செய்யுங்கள். அந்தப் பீலியில்தான் பிள்ளைகள் முகம் கழுவுகிறார்கள்.

குப்பை இரண்டு மூன்று மீட்டர்தான் என்றால் அள்ளிவிடுங்கள், வீண் யோசனை வேண்டாம். ஆழமாக இருந்தால் மலைமண் பக்கத்தைப் படிப்படியாக வெட்டி, கோட்டின் இருபுறமும் சில மீட்டர் நீளும்படி ஜியோகிரிட் வலை (மண்ணைப் பிடித்து நிறுத்தும் உறுதியான பிளாஸ்டிக் வலை) விரியுங்கள். அப்போது மேடுபள்ளம் ஒரே வெட்டாக வராமல் சரிவாக வரும். வாயு வெளியேற வலைக்கு அடியில் ஜல்லிப் படையும், ஓரத்தில் காற்றுக் குழாய்களும் வேண்டும்.

பிறகு பாரம் ஏற்றுவது. வீதிக்குத் தேவையானதைவிட அதிக மண்ணைச் சில மாதம் குவித்துவைத்து, இறங்க வேண்டியதை முன்கூட்டியே இறங்க வைத்து, மிச்சத்தை அள்ளுவோம். இதில்தான் பயம். இறுகிய மண் கன மீட்டருக்கு இரண்டு தொன்னுக்குக் கிட்ட வரும். குப்பை அதில் பாதிகூட இராது. சரிவின் விளிம்பில் அதை ஏற்றினால் மேடே நழுவலாம். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தில், கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து 30க்கும் அதிகமானோர் மாண்டார்கள். அது மலையே இல்லாத இடம். எனவே சரிவின் உறுதியைக் கணக்கிட்டு, அடிவாரத்தில் கம்பிவலைக் கல்பெட்டிகளை அடுக்கிய பின்னரே பாரம். ஹட்டன் பக்கமானால் ஜனவரியில் தொடங்கி, மே மழைக்கு முன் குவித்த மண்ணின் உச்சத்தைக் குறைத்துவிடுங்கள். பதுளைப் பக்கம் மழையே ஜனவரி வரை போகும், அங்கே வேறு நாட்காட்டி. மண்சரிவு அபாயத்தை ஆராயும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி கைக்கு வரும் முன் ஒரு லொறி மண்ணும் இறக்காதீர்கள்.

மண்ணோடு, மேலே நீளும் கம்பி பொருத்திய இரும்புத் தகடுகளைப் புதைத்து, அந்தக் கம்பியின் உயரத்தை வாரம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். இறக்கம் ஓயும்வரை காத்திருங்கள். ஆனால் அழுகுவதால் வரும் இறக்கம் பல ஆண்டு தொடரும், அதை எந்தப் பாரமும் முடித்துவைக்காது. அதனால் கொங்கிரீட் வீதி வேண்டாம், தார் போதும். மேல் தார்ப்படையையும் உடனே போடாதீர்கள். ஒரு மழைக்காலம் லொறிகள் ஓடட்டும், எங்கே குழி விழுகிறது என்று பார்த்து நிரவிய பின் போடுங்கள். திறப்புவிழாவுக்கு நாள் குறித்துவிட்டோம் என்று அவசரப்படுத்துகிறவர்களிடம் அந்த அளவுப் புத்தகத்தை நீட்டுங்கள்.