பழைய படம் எங்கே? புற்றுநோய் சிகிச்சையில் ஸ்கேன் விஷயமாக நாம் செய்யும் தவறுகள்

கும்பகோணம் பக்கத்தில் ஒரு ஸ்கேன் மையத்தில் 18 வருடமாகப் படம் எடுக்கும் வேலை செய்கிறேன். சில வருடங்களுக்கு முன் பாபநாசம் பக்கத்துக் கிராமத்திலிருந்து மார்பகப் புற்றுநோயோடு ஒரு அம்மா வந்தார். நுரையீரலில் 8 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு புள்ளி தெரிந்தது. நோய் அங்கே போய்விட்டது என்று முடிவானால் சிகிச்சையின் போக்கே மாறிவிடும். குணமாக்குவதற்கான ஆபரேஷன் என்ற பேச்சு போய், நோயைக் கட்டுக்குள் வைக்கும் மருந்து என்ற பேச்சு வந்துவிடும்.

"இதுக்கு முன்னாடி நெஞ்சுல ஸ்கேன் எடுத்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டேன். "மூணு வருஷம் முன்னாடி இருமலுக்கு எடுத்தோம் தம்பி. இனிமே அது எதுக்குன்னு பரண்ல போட்டுட்டோம்" என்றார். மகன் அன்றைக்கே பஸ் ஏறிப் போய் எடுத்து வந்தார். அதே இடத்தில், அதே அளவில், அதே புள்ளி. இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு மில்லிமீட்டர்கூட வளராமல் இருக்கும் கெட்டியான புள்ளி பெரும்பாலும் பழைய தழும்புதான். படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டரான ரேடியாலஜிஸ்ட் அப்படியே எழுதினார். அந்த அம்மாவுக்குத் திட்டமிட்டபடி ஆபரேஷன் நடந்தது.

அன்றிலிருந்து வருகிற எல்லோரிடமும் முதலில் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறேன். ஸ்கேன் என்றால் நோயைக் கண்டுபிடிக்கும் கருவி என்றுதான் நம் ஊரில் நினைக்கிறோம். உண்மையில் நோய் தெரிந்த பிறகுதான் அதற்கு அதிக வேலை. எங்கே வெட்டினால் முழுசாக வரும், முதலில் கீமோவா ஆபரேஷனா, கொடுக்கிற மருந்து கேட்கிறதா என்பதையெல்லாம் படத்தை வைத்து முன்கூட்டியே ஓரளவு சொல்ல முடியும். ஆனால் படம் சரியான நேரத்தில், சரியான முறையில் எடுத்ததாக இருக்க வேண்டும். பக்கத்தில் பழைய படமும் இருக்க வேண்டும்.

"ரிப்போர்ட்தான் இருக்கே, படம் எதுக்கு?"

ரிப்போர்ட் என்பது ஒருவர் அன்றைக்குப் பார்த்து எழுதியது. அடுத்த டாக்டருக்கு வேறு கேள்வி இருக்கும். பிலிமும் போதாது. உடம்பை அடுக்கடுக்காகக் காட்டும் நூற்றுக்கணக்கான படங்களில் சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து அச்சடித்ததுதான் பிலிம். அந்த பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, போனில் போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் சென்னைக்கு அனுப்புகிறார்கள். அதில் ஆபரேஷன் டாக்டரால் எதையும் அளந்து பார்க்க முடியாது. முழுப் படமும் அடங்கிய டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள். "சி.டி. குடுங்க" என்று கேட்டால் சி.டி. ஸ்கேன் பிலிமை எடுத்து நீட்டிவிடுவார்கள். "டைகாம் படம் இருக்கிற டிஸ்க்" என்று சொல்லிக் கேளுங்கள். ஸ்கேன் படத்தை முழுசாகச் சேமிக்கும் கம்ப்யூட்டர் வடிவத்துக்குத்தான் டைகாம் என்று பெயர்.

மருந்து கேட்கிறதா என்று பார்க்க டாக்டர்கள் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். ரெசிஸ்ட் என்று பெயர். 2000இல் வந்தது, 2009இல் திருத்தினார்கள். குறித்து வைத்த கட்டிகளின் நீள அளவுகளைக் கூட்டி, அந்தத் தொகை 30 சதவீதமாவது குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். இருந்ததிலேயே குறைந்த அளவிலிருந்து 20 சதவீதம் கூடி, அந்தக் கூடுதல் 5 மில்லிமீட்டராவது இருந்தால் நோய் வளர்கிறது என்று அர்த்தம். 50 மில்லிமீட்டர் கட்டி 35 ஆனால் நல்ல செய்தி. 38 ஆனால் இன்னும் அந்தக் கோட்டைத் தொடவில்லை. நடுவில் இருப்பது 3 மில்லிமீட்டர்தான். முதல் ஸ்கேன் கான்ட்ராஸ்ட் ஊசி (படத்தில் உறுப்புகள் தெளிவாகத் தெரியப் போடும் மருந்து) போட்டும், இரண்டாவது போடாமலும் எடுத்திருந்தால் அந்த 3 மில்லிமீட்டரை யார் நம்புவது? முடிந்தவரை அதே மையத்தில், அதே முறையில் எடுக்கச் சொல்வது இதனால்தான். இன்னொரு இடத்தில் 500 ரூபாய் குறைகிறது என்று மாறிவிடாதீர்கள். மாறத்தான் வேண்டும் என்றால் பழைய டிஸ்க்கைக் கையோடு கொண்டுபோய், அதே மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.

"அறுப்பு முடியட்டும்"

டெல்டாவில் இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் குறுவை வேலை. புரட்டாசி, ஐப்பசியில் குறுவை அறுப்பு. அப்புறம் சம்பா நடவு, தை மாசியில் சம்பா அறுப்பு. எந்த மாதத்தில் வியாதி வந்தாலும் வயல் குறுக்கே நிற்கும். கடன் வாங்கிப் போட்ட பயிரை விட்டுவிட்டு வா என்று சொல்வது எளிது, செய்வது கஷ்டம். எனக்கும் தெரியும், என் வீட்டிலும் நிலம் இருக்கிறது. ஆனால் ஸ்கேனை எடுத்து வைத்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து சிகிச்சைக்குப் போனால் அந்தப் படம் பழசாகிவிடும். சிகிச்சை தொடங்குவதற்கு முந்தைய 4 வாரத்துக்குள் எடுத்ததைத்தான் அளவெடுக்கும் அடிப்படையாக வைக்கச் சொல்கிறது ரெசிஸ்ட். ஆடியில் எடுத்த படத்தை வைத்து ஐப்பசியில் ஆபரேஷன் திட்டம் போட முடியாது. தள்ளிப்போட்டே ஆக வேண்டிய நிலை என்றால் அதை டாக்டரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். எவ்வளவு தள்ளலாம், தள்ளவே கூடாதா என்று அவர் சொல்வார். சொல்லாமல் வராமல் இருப்பதுதான் ஆபத்து.

சீக்கிரம் எடுப்பதும் தவறாகிவிடும். தொண்டைக்குக் கரண்டு வைத்து முடித்த மூன்றாவது வாரமே "எல்லாம் போயிடுச்சான்னு ஒரு பெட் ஸ்கேன் எடுத்துடலாம்" என்று குடும்பமாக வருகிறார்கள். கதிர்வீச்சு பட்ட இடத்தில் புண்ணும் வீக்கமும் ஆறாமல் இருக்கும். எந்தத் திசு அதிகம் சர்க்கரை தின்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேனில் அதுவும் பளிச்சென்று எரியும். நோய் மிச்சம் இருக்கிறது என்று நினைத்து வீடே இடிந்துபோகும்.

பொறுத்திருந்து எடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு பிரிட்டனில் நடந்த ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். 2016இல் வெளியானது. கழுத்து நெறிகட்டி வரை பரவிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 564 பேர். பாதிப் பேருக்கு முன்பே திட்டமிட்டபடி கழுத்து ஆபரேஷன். மறுபாதிக்குக் கீமோவும் கதிர்வீச்சும் முடிந்து 12 வாரம் கழித்து பெட் ஸ்கேன், அதில் சந்தேகம் இருந்தால் மட்டும் ஆபரேஷன். முதல் குழுவில் 221 கழுத்து ஆபரேஷன் நடந்தது, ஸ்கேன் குழுவில் 54 மட்டும். உயிரோடு இருந்தவர்கள் கணக்கில் ஸ்கேன் குழு பின்தங்கவில்லை. கழுத்தில் கத்தி வைத்ததால் தோள் தூக்க முடியாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். சரியான வாரத்தில் எடுத்த ஒரு படம் அத்தனை பேரை அந்தக் கத்தியிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. எனக்குப் பிடித்த ஆய்வு இது.

பெட் ஸ்கேனுக்கு முந்தைய நாள்

பெட் ஸ்கேனில் கொஞ்சம் கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியாகப் போடுவார்கள். சர்க்கரையை அதிகம் தின்னும் திசு படத்தில் எரியும். ஆகவே குறைந்தது 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு. தண்ணீர் குடிக்கலாம். "ஒரு வாய் காபிதானே" என்று குடித்துவிட்டு மறைக்காதீர்கள். ரத்தச் சர்க்கரை 200ஐத் தாண்டினால் பல இடங்களில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சர்க்கரை மாத்திரை, இன்சுலினை எப்போது நிறுத்துவது என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலின் போட்ட கையோடு வந்தால் ஸ்கேனுக்குப் போடும் அந்தச் சர்க்கரை மருந்தெல்லாம் தசைக்குள் போய்விடும். முந்தைய நாள் வயலில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்தாலும் அதே கதைதான். ஊசி போட்டபின் சுமார் ஒரு மணி நேரம் பேசாமல், அசையாமல் படுத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் வெற்றிலை மெல்லவே கூடாது. மென்றால் தாடைத் தசை எரியும். வாய்ப் புற்றுநோயாளிக்கு அதைவிடக் குழப்பமான படம் கிடையாது.

அந்த மருந்தில் இருக்கும் கதிரியக்கப் பொருளான ஃப்ளோரின்-18 இன் சக்தி 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். வேதாரண்யத்திலிருந்து திருச்சிக்கு பஸ்ஸில் வருகிறவர் இரண்டு மணி நேரம் தாமதமானால் அவருக்கான மருந்து காத்திருக்காது. முந்தைய இரவே வந்து தங்குவது நல்லது.

அப்புறம், எரிவதெல்லாம் புற்றுநோய் இல்லை. காசநோய் நெறிகட்டியும் அதே மாதிரி எரியும். நம் ஊரில் இது சாதாரணம். வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்திருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். சந்தேகமான இடத்திலிருந்து சதை எடுத்துப் பார்க்காமல், வெளிச்சத்தை மட்டும் வைத்து நான்காம் கட்டம் என்று யாரும் முடிவு கட்டக் கூடாது.

"ஒரு ஸ்கேன் எடுத்தாச்சே"

ஒரு ஸ்கேன் சொல்வதை இன்னொன்று சொல்லாது. மலக்குடல் புற்றுநோய்க்கு சி.டி. எடுத்தாகிவிட்டது, எம்.ஆர்.ஐ. எதற்கு என்று கேட்கிறார்கள். கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவியிருக்கிறதா என்பதை சி.டி. சொல்லும். வெட்டி எடுக்கும்போது ஓரத்தில் நோய் மிஞ்சுமா என்பதை எம்.ஆர்.ஐ.தான் சொல்லும். கட்டிக்கும் வெட்டும் எல்லைக்கும் நடுவே 1 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கிறதா என்பது கேள்வி. ஆபரேஷனுக்கு முன்பே எம்.ஆர்.ஐ.யால் இதை நம்பும்படி சொல்ல முடியும் என்று ஐரோப்பாவில் 408 நோயாளிகளிடம் பார்த்து 2006இல் வெளியிட்டார்கள். இடைவெளி போதாது என்று தெரிந்தால் முதலில் கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்துச் சுருக்கிவிட்டு வெட்டுவார்கள். அந்த ஒரு எம்.ஆர்.ஐ.யை விட்டுவிட்டால் ஓரத்தில் நோய் மிஞ்சியதை ஆபரேஷன் முடிந்த பிறகுதான் தெரிந்துகொள்ள நேரும்.

புகையிலையோடு வெற்றிலை போடும் பழக்கத்தால் நம் பக்கம் கன்னத்தில் வரும் புற்றுநோய் அதிகம் பார்க்கிறோம். சாதாரணமாக சி.டி. எடுத்தால் கன்னமும் ஈறும் ஒட்டிக்கொண்டு, கட்டி எதில் இருக்கிறது என்றே தெரியாது. கன்னத்தை பலூன் மாதிரி ஊதி வைத்துக்கொண்டால் காற்று நடுவே புகுந்து இரண்டையும் பிரித்துக் காட்டும். வலியால் பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். காத்திருக்கும்போதே இரண்டு மூன்று முறை பழகிக்கொள்ளுங்கள்.

இறால், மீன் ஒத்துக்கொள்ளாது என்பதற்காக கான்ட்ராஸ்ட் ஊசியே வேண்டாம் என்று நாகப்பட்டினம் பக்கத்துக்காரர்கள் சொல்வதுண்டு. ஊசியில் அயோடின் இருக்கிறது என்பதுதான் அந்தப் பயம். மீனிலும் இறாலிலும் ஒத்துக்கொள்ளாதது அதன் புரதம், அயோடின் அல்ல. இருக்கிற ஒவ்வாமையை எல்லாம் சொல்லுங்கள், முடிவை டாக்டரிடம் விடுங்கள். முன்பு இதே ஊசிக்குத் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தாலும், சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

"படத்துல ஒண்ணும் இல்லையாமே, ஆபரேஷன் எதுக்கு?"

எனக்கு ரொம்ப வருத்தம் தரும் தவறு இதுதான். மார்பகக் கட்டிக்கு முதலில் கீமோ கொடுக்கிறார்கள். நாலைந்து மாதத்தில் கட்டி கரைந்து, படத்திலும் தெரியாமல் போகிறது. உடனே "கத்தி பட்டா பரவிடும்" என்ற பழைய பயம் தலைதூக்குகிறது. வீட்டில் பெரியவர்கள் கூடிப் பேசி ஆபரேஷனை நிறுத்திவிடுகிறார்கள். படத்தில் தெரியவில்லை என்றால் படத்துக்கு எட்டும் அளவில் இல்லை என்றுதான் அர்த்தம். கண்ணுக்குத் தெரியாத செல் இருக்கலாம். வெட்டி எடுத்த திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் முழுசாகப் போனதா என்று தெரியும். என் சித்தி ஒருவர் இப்படி நிறுத்திவிட்டு ஒன்றரை வருடம் கழித்து, அக்குளில் கட்டியோடு வந்தார்.

இதே காரணத்தால்தான் மார்பகத்தை முழுதாக எடுக்காமல் கட்டி இருந்த இடத்தை மட்டும் எடுக்க நினைக்கும் டாக்டர்கள், கீமோ தொடங்குமுன் கட்டிக்குள் எள் அளவு உலோக கிளிப் ஒன்றை வைக்கச் சொல்வார்கள். கட்டி கரைந்தாலும் அது இருந்த இடத்தை கிளிப் காட்டும். "உடம்புக்குள்ள இரும்பா" என்று பயந்து மறுத்துவிட்டால், பிறகு எந்த இடத்தை எடுப்பது என்றே தெரியாமல் போகலாம்.

கல்லீரல் ஆபரேஷனுக்கு முன் சி.டி.யை வைத்து, வெட்டியபின் மிஞ்சும் கல்லீரல் எவ்வளவு என்று கணக்குப் போடுவார்கள். நல்ல கல்லீரல் என்றால் சுமார் 20 சதவீதம் மிஞ்ச வேண்டும், நிறைய கீமோ வாங்கியது என்றால் 30, சுருங்கிப்போன சிரோசிஸ் கல்லீரல் என்றால் 40. போதாது என்று தெரிந்தால் நோயுள்ள பக்கத்துக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்து, மறுபக்கத்தைச் சில வாரம் வளரவிட்டு, பிறகு வெட்டுவார்கள். குடிப்பழக்கத்தை மறைத்தால் இந்தக் கணக்கே தப்பாகிவிடும்.

கம்ப்யூட்டரே படத்தைப் பார்த்து யார் பிழைப்பார்கள் என்று சொல்லிவிடும் என்ற செய்திகளை நம்பி ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பயப்பட வேண்டாம். அமெரிக்காவில் நிமோனியா எக்ஸ்ரேயைப் படிக்கக் கற்ற ஒரு மென்பொருள், படம் எந்த மருத்துவமனையிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொண்டு, வெளி மருத்துவமனைப் படங்களில் தடுமாறியதை 2018இல் வெளியிட்டார்கள். நம்மைப் போன்றவர்களின் படங்களில், நம் மெஷின்களில் சோதித்ததா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கடைசியாக, யாரும் கேட்காத ஒன்று. வயிற்று சி.டி.யில் இடுப்புப் பக்கத்து மூன்றாவது முதுகெலும்பு மட்டத்தில் தசை எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால், ஆபரேஷனுக்குப் பின் சிக்கல் வருமா, கீமோவைத் தாங்குவாரா என்பது ஓரளவு தெரியும். உடல் பருமனாக இருப்பவருக்கும் உள்ளே தசை கரைந்திருக்கலாம். இங்கேதான் நம் வீடுகள் தவறு செய்கின்றன. புற்றுநோய் என்று தெரிந்த நாளே பத்தியம் தொடங்கிவிடும். மீன் கூடாது, முட்டை கூடாது, கஞ்சியும் ரசமும் போதும், படுத்தே இருங்கள். தசை இன்னும் வேகமாகக் கரையும். போன மார்கழியில் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவருக்கு ஆபரேஷனுக்கு மூன்று வாரம் இருந்தது. ரேடியாலஜிஸ்ட் தசை குறைவு என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தார். ஆபரேஷன் டாக்டர் அந்த வரியைக் காட்டி, தினமும் முட்டை, மீன், பருப்பு, காலையும் மாலையும் நடை என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். "டாக்டரே சொல்லிட்டாரா?" என்று அவர் மனைவி என்னிடம் இரண்டு முறை கேட்டுவிட்டு, போகும் வழியிலேயே ஒரு அட்டை முட்டை வாங்கிக்கொண்டு போனார்.